கையில் ஒட்டிய மணல்

இரத்தினபுரிக்கு மேலே உள்ள எங்கள் கோல்ஃப் மைதானத்தில் ஒன்பது குழிகள்தான். தோட்டமொன்று பழைய றப்பர் மரங்களை வெட்டிய சரிவில் அதை அமைத்தது. பங்கர் எனப்படும் பள்ளங்களில் நிரப்பியிருப்பது மாணிக்கச் சுரங்கங்களில் கழுவி ஒதுக்கிய மணல். பாதி கூழாங்கல். பின்னேர மழைக்குப் பிறகு சீமெந்து போல இறுகிவிடும்.

இளகிய மணலில் பந்துக்கு இரண்டு விரல் பின்னால் மட்டையை இறக்கினால் போதும்; மணலே பந்தைத் தூக்கிக்கொண்டு போகும். இறுகிய மணலில் அப்படி அடித்தால் மட்டை துள்ளிப் பந்தின் நடுவில் படும். நான் அவ்விதம் கிளப் கட்டடத்தின் ஓடுகள் இரண்டை உடைத்திருக்கிறேன்.

அடிக்கும் முன் பந்தைச் சுற்றியுள்ள கற்களைப் பொறுக்கி ஓரத்தில் போட விதி அனுமதிக்கிறது. மணலைக் கையால் சோதித்துப் பார்க்க மட்டும் கூடாது. அதற்குத் தண்டனையாகக் கணக்கில் இரண்டு அடி கூடும். நகரத்து மாணிக்க வியாபாரிகள் பொறுக்கும் ஒவ்வொரு கல்லையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரைமாருக்கு அது சிரிக்க ஒரு பகிடி.

மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவருக்கான வருடாந்தக் கிண்ணத்தை நகரத்தவர் யாரும் வென்றதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு துரை நாற்பத்தொரு அடிகளில் ஆட்டத்தை முடித்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கடைசியாக வந்தது நாங்கள் இருவர்: நானும் ஒரு மாணிக்க வியாபாரியும். எல்லோரும் அவரை ஹாஜியார் என்றே அழைப்பார்கள். அவருடைய கணக்கை எழுதிக் கையெழுத்திடும் பொறுப்பு என்னுடையது. எட்டுக் குழிகளில் அவருக்கு முப்பத்தாறு. கடைசிக் குழியை நான்கு அடிகளில் முடித்தால் கிண்ணம் அவருக்கு.

இரண்டாவது அடியில் பந்து பங்கரில் விழுந்து பாதி புதைந்தது.

"முட்டப் பொரியல் மாதிரில்ல கிடக்கு, ஹாஜியார்," என்றார் அவருடைய பையைச் சுமந்து வந்த, தோட்டத்தின் றப்பர்ப் பால்வெட்டுத் தொழிலாளி. "பங்கர வெட்டுனவனத்தான் பொரிக்கணும்."

"சும்மா இருங்களே மனுசன். எனக்கு இங்க நெஞ்சு அடிக்குது."

தொழிலாளி குழியில் நட்டிருந்த கொடியைப் பிடிக்க மேலே போனார். ஹாஜியார் குனிந்து ஒரு கல்லை எடுத்தார், வானத்துக்கு நேரே பிடித்தார், போட்டார். பிறகு அதே கை மணலுக்குள் போனது. ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, பெருவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்து உதறினார். அதைச் செய்யும்போது அவர் கையைப் பார்க்கவில்லை, கொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மட்டையின் முகத்தைச் சற்று உள்பக்கம் திருப்பிப் பிடித்து, செங்குத்தாக இறக்கினார். கற்கள் தெறித்தன. பந்து தாழ்வாக எழுந்து, புல்லில் இருமுறை குதித்து, கொடிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அந்தப் பங்கரிலிருந்து அதைவிடச் சிறந்த அடியை நான் பார்த்ததில்லை. அடுத்த அடியில் பந்து குழிக்குள் போனது. வராந்தாவில் அவருடைய கூட்டாளிகள் எழுந்து கைதட்டினார்கள்.

கணக்கு அட்டையில் நான்கு என்று எழுதினால் கேட்க யாருமில்லை. பார்த்தது நான் ஒருவன்தான்.

"ஹாஜியார், மணல அள்ளினீங்க."

"கல்லத்தானே எடுத்தன்?"

"கல்லு சரி. அதுக்குப் பொறகு ஒரு பிடி மணல்."

அவர் தொழிலாளியைப் பார்த்தார். "என்னயப் பாக்காதீங்க, நான் கொடியோட நின்னேன்," என்றார் தொழிலாளி.

ஹாஜியார் வலது கையை விரித்தார். ரேகைகளில் மணல் ஒட்டியிருந்தது. மோதிரத்தின் அடியிலும் கொஞ்சம். அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வேறு யாரோ செய்ததைப் பார்ப்பதுபோல அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அள்ளினதே எனக்குத் தெரியா," என்றார். "சரி, ரெண்டு போடுங்க."

நான்கை எழுதவில்லை, ஆறு என்று எழுதினேன். மொத்தம் நாற்பத்திரண்டு. அவர் அட்டையை வாங்கி ஒருமுறை கூட்டிப் பார்த்துக் கையெழுத்திட்டார். மேலே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். படிகளில் ஏறும்போது என் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

"அவங்களுக்கு நீங்களே சொல்லுங்க. எனக்கு வாய் வராது."

நான்தான் சொன்னேன்.