டிரைவர் பாட்டரிக்கு வைத்த சந்தனம்

ஆயுத பூஜைக்குப் பிறகு நடந்தவை:

1. எங்கள் பழைய காரின் விளக்குகள் நாளுக்கு நாள் மங்கின.

2. நான் டைனமோவைத் தொட்டதுதான் காரணம் என்று டிரைவர் மாணிக்கம் அப்பாவிடம் கோள் சொன்னான்.

3. பிரசவ வலி எடுத்த அக்காவை அரியலூரிலிருந்து பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, இருட்டும் நேரத்தில் விளக்குகள் அணைந்தன. எதிரே வந்த மாட்டுவண்டியை உரசிக்கொண்டு கார் நின்றது.

அக்கா கதறினாள். மாணிக்கம் என்னை முறைத்துவிட்டு, முன்சீட்டில் இருந்த அப்பாவிடம் திரும்பினான்.

“பொம்பள கைய வச்சா வண்டி வெளங்குமாங்க ஐயா?”

“ஒன் வாயால வெளக்கு எரியாது. எஞ்சின நிறுத்தாத,” என்றேன்.

யுத்தகாலத்தில் பெண்கள் படையில் மோட்டார் வேலை பயின்றவள் நான். வோல்ட்மீட்டரை வைத்துப் பார்த்தேன். டைனமோவில் மின்சாரம் சரியாக இருந்தது, பாட்டரிக்கு வந்துசேரவில்லை. எஞ்சினை நிறுத்தச் சொல்லி, பாட்டரி முனையின் பிடியைக் கழற்றினேன். பூஜையன்று அவன் அப்பிய சந்தனம் உள்ளே காய்ந்து இறுகி, மின்சாரத்தைத் தடுத்திருந்தது.

“சாமி சந்தனத்தையே குத்தம் சொல்றீங்களா, சின்னம்மா?”

“ஒன் நெத்தியில வச்சுக்க. பாட்டரிக்கு எதுக்கு?”

சுரண்டிவிட்டுப் பிடியை மறுபடி முடுக்கினேன். காரின் முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றி எஞ்சினைக் கிளப்பியதும் விளக்குகள் எரிந்தன. ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

இப்போதெல்லாம் பூஜை முடிந்ததும் பாட்டரி முனைகளை நானே துடைக்கிறேன். மாணிக்கம் என்னோடு பேசுவதில்லை. கார் சாவி என்னிடம் இருக்கிறது.