சந்தனம் பூசிய டிஸ்க்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஆலை ஒன்றின் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் திரையைப் பார்ப்பேன். 'பேக்கப் முடிந்தது' என்று இருக்கும். நானே ராத்திரி முழுக்கச் சுமந்து வைத்ததுபோன்ற பெருமையோடு டீ குடிக்கப் போய்விடுவேன்.

அன்று சர்வரின் டிஸ்க் செத்துப்போனது. ஆஸ்பத்திரிக்குப் போகும் சரக்கோடு வாசலில் லாரி நின்றது. துணிக்கட்டுகள் சோதனையில் தேறிய விவரத்தை சர்வரிலிருந்து அச்சடித்துக் கொடுக்காமல் அது நகராது. பேக்கப் இருக்கிறதே என்று, நகல் விழும் வெளி டிஸ்க்கைத் தேடினால், கேபிள் மட்டும் தொங்கியது.

"அக்கா, இங்க இருந்த கறுப்புப் பெட்டி எங்க?"

"ஆயுத பூசைக்குச் சாமிகிட்ட வச்சோம்லா? சுண்டலத் தின்னுக்கிட்டு நீயுந்தான பாத்த!" என்றார் பேக்கிங் சூப்பர்வைசர் அக்கா.

அதற்குப் பிறகு யாரும் அதை எடுத்து மாட்டவில்லை. பேக்கப்போ, வெளி டிஸ்க் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், சர்வரின் சொந்த டிஸ்க்கிலேயே தினமும் விழுந்திருக்கிறது. இப்போது அசலும் நகலும் ஒன்றாகப் போய்விட்டன.

சாமி அலமாரியிலிருந்த டிஸ்க்கை எடுத்து, சந்தனத்தைத் துடைத்து, வேறு கம்ப்யூட்டரில் மாட்டினேன். பூசை நாள் வரைக்கும் எல்லாம் வந்தது. லாரியில் இருந்ததெல்லாம் பூசைக்குப் பிறகு நெய்த துணி.

"முழிச்சது போதும்ல. அம்புட்டையும் இறக்கித் திரும்ப டெஸ்ட் பண்ணணும். மொதக் கட்ட நீ தூக்கு" என்றார் அக்கா.

டீ கிளாஸைத் தவிர வேறெதையும் தூக்கிப் பழகாத நான் குனிந்தேன். லாரி அன்று காலியாகத்தான் போனது.