கயிற்றில் வைத்த கை

எங்கள் குடாவில் சொந்தமாகக் கரைவலை வைத்திருக்கும் பெண் நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனால் கூழைக்கடா விழுந்து எழும்புவதை வைத்தே கீழே என்ன மீன், எவ்வளவு கூட்டம் என்று சொல்லிவிடுவேன். டொபேகோ தீவின் இந்தப் பக்கத்தில் என்னை மிஞ்சிய ஆண்பிள்ளை இருந்தால் வந்து நிற்கட்டும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கூச்சமெல்லாம் லின்வில் விஷயத்தில்தான்.

லின்வில் குவாஷியை வளர்த்தவள் அவனுடைய சித்தி ஓர்பா. அவனைப் பெற்றவள் பக்கத்துத் தீவான டிரினிடாட்டுக்கு வேலைக்குப் போனாள்; போனவள் போனவள்தான். ஓர்பா குன்றின் மேல் சேனையும் சோளமும் போட்டு, சோளக் களி கிண்டி, என் வலையில் கிடைத்த மீனைக் குழம்பாக்கி, அவனை ஆளாக்கினாள். பயல் கெட்டிக்காரன். மூங்கில் காட்டைத் தாண்டி இருக்கும் அருவிக்கு வெள்ளைக்காரர்களைக் கூட்டிப் போவதில் தொடங்கினான். ரீங்காரச் சிட்டு எந்தப் புதரில் கூடு கட்டும், எந்தக் குடாவில் எப்போது அலை அடங்கும், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. பழைய வேன் ஒன்று வாங்கி, அதற்கு மஞ்சள் வண்ணம் பூசினான். சட்டையில் காலர் ஏறியது. பேச்சிலும் ஏறியது.

எங்கள் ஊரில் வலை வளைத்ததும் சங்கு ஊதுவோம். சங்குச் சத்தம் கேட்டு வந்து வலைக் கயிற்றில் கை வைக்கிற எவருக்கும் மீனில் பங்கு உண்டு. பலம் பார்ப்பதில்லை, கை வைத்தால் போதும். கயிற்றின் தலையிலிருந்து வால் வரை வரிசையாக நிற்பவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது என் வேலை.

லின்வில் இதையும் சுற்றுலாவில் சேர்த்தான். சங்கு ஊதினால் வேன் வந்து நிற்கும். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே இழுப்பார்கள், படம் எடுப்பார்கள். என்னையும்தான் எடுத்தார்கள், எத்தனை நாட்டு வீடுகளில் நான் தொங்குகிறேனோ. அவர்களுக்கு மீன் எதற்கு? அந்தப் பங்கையெல்லாம் லின்வில் ஐஸ் பெட்டியில் போட்டு ஓட்டல் சமையற்காரனிடம் சேர்த்துவிடுவான். வலையின் மடி நிறைய மீன் ஏறிய நாட்களில் யாரும் முணுமுணுக்கவில்லை. நானும்தான்.

ஒரு நாள் மடி இளைத்து வந்தது. அடியில் கொஞ்சம் பாரை, அவ்வளவுதான். விருந்தாளிகள் கயிற்றின் தலையில் நின்றார்கள். குன்றிலிருந்து மெல்ல இறங்கி வந்த ஓர்பாவும் இன்னும் சில கிழவிகளும் வாலில். நான் முறைப்படி தலையிலிருந்து பிரித்தேன். வாலுக்கு வந்தபோது என் கூடையில் பாசிதான் இருந்தது.

"அடுத்த தடவை பாத்துக்கலாம் வெர்லினா" என்றாள் ஓர்பா. காலி பேசினைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

படகோட்டி கெல்ஸ்டன் சும்மா இருப்பானா. ஓர்பா ஊருக்கே சித்திதான். "சித்தி, தொப்பி நல்லா இருக்கு. எந்த ஊர்ல வாங்கினது?"

"உன் மாமியார் ஊர்லடா. அங்கதான் காலி பேசின் மலிவு."

எல்லாரும் சிரித்தார்கள். அப்போது பூப்போட்ட தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா, தன் பங்கு மீனைத் தூக்கிக்கொண்டு லின்விலிடம் வந்தாள்.

"சங்கு ஊதினா இங்க யாரும் பசியோட படுக்க மாட்டாங்கன்னு வேன்ல சொன்னீங்களே. அந்த வயசானவங்களுக்கு ஒண்ணுமே கிடைக்கலையே. பாவம். இதை அவங்களுக்குக் குடுக்கலாமா? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

லின்வில் தன் சித்தியைப் பார்த்தான். கிழிந்த பாவாடை, வெறுங்கால், தலையில் பேசின். பிறகு தன் சட்டைக் காலரைச் சரிசெய்தான்.

"யாரோ ஊர்க்காரங்க" என்றான். "குடுங்க, வாங்கிப்பாங்க."

ஓர்பாவுக்குக் கண் மங்கல். காது அப்படியில்லை. பேசினை இறக்கினாள். ஒரு பிச்சைக்காரி வாங்குவதுபோல இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள்.

"கடவுள் உங்களுக்குக் குறை வைக்க மாட்டாரும்மா. உங்க டிரைவர் நல்ல பிள்ளை. வளைவுல மெதுவாத்தான் போவான். பயப்படாம போயிட்டு வாங்க."

 லின்வில் ஐஸ் பெட்டியை மூடினான். மூடி சரியாக உட்காரவில்லை, மறுபடி மூடினான். என் கடற்கரையில், என் கை பிரித்த மீனை, அதே கயிறு இழுத்தவள் தர்மமாக வாங்கிப் போகிறாள். வாழ்நாள் முழுக்க நிமிர்த்திப் பிடித்த என் தலையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வலையை அலசுகிற சாக்கில் தண்ணீருக்குள் போய் நின்றேன்.

அடுத்த முறை சங்கு ஊதியபோது வேனைக் காணோம். லின்வில் நடந்து வந்தான். காலர் இல்லாத பழைய சட்டை. கயிற்றின் வாலுக்குப் போய், ஓர்பாவுக்கும் பின்னால் நின்றான்.

"என்னடா, உன் வெள்ளைக்காரங்களுக்கெல்லாம் இன்னைக்கு லீவா?" என்றான் கெல்ஸ்டன்.

லின்வில் கயிற்றைப் பிடித்து இழுத்தான். கயிறு அவன் கையைத் தேய்த்தது. பழக்கம் விட்டுப்போன கை.

அன்று நான் வாலிலிருந்து பிரித்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். லின்வில் தன் பங்கை அப்படியே சித்தியின் பேசினில் வைத்துவிட்டு நகர்ந்தான். பேசின் கனத்ததும் ஓர்பா உள்ளே தடவிப் பார்த்தாள்.

"இது என் பங்கைவிட அதிகமா இருக்கே. யார் போட்டது?"

 லின்வில் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரோ ஊர்க்காரங்க போல" என்றாள் ஓர்பா. பேசினைத் தலையில் ஏற்றினாள். நாலடி போய் நின்றாள். திரும்பவில்லை.

"களி கிண்டப் போறேன். ஊர்க்காரங்களுக்கும் ஒரு தட்டு இருக்கு. வர்றவங்க வரலாம்."

லின்வில் போனான். பேசினை வாங்கித் தூக்க இரண்டு தடவை கை நீட்டினான்; அவள் கொடுக்கவில்லை. குன்றின் வளைவு வரை, தலை நிமிராமல், அவள் நிழலை மிதிக்காமல் பின்னாலேயே போனான்.