சன்னம் சரியாக உட்காராத மார்கழி

என் மனைவி ஸ்ரெல்லா வேலை செய்யும் வீட்டில், சாப்பாட்டு மேசையைத் துடைக்குமுன் துப்பாக்கி ரவைகளை ஓரமாக ஒதுக்கிவைக்க வேண்டும். ஒலிவ் எண்ணெய்ப் போத்தலுக்கும் பாண் கூடைக்கும் நடுவே அவை வரிசையாக நிற்கும். வீடு இத்தாலியின் பலெர்மோவில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில் இருக்கிறது. வீட்டுக்காரர் சிஞ்ஞோர் வீத்தோ, மனைவியை இழந்தவர், குளிர்காலத்தில் மதோனியே மலைக்குக் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர். அனுமதிப்பத்திரம் வைத்திருப்பதால், தன் ரவைகளைத் தானே வீட்டில் செய்துகொள்ளச் சட்டம் அவரை விடுகிறது. வெடிமருந்து மட்டும் பூட்டிய அலுமாரியில் இருக்கும். மற்றதெல்லாம் மேசைக்கு வரும்.

யாழ்ப்பாணத்தில் நான் பத்திரிகையில் செய்தி எழுதினேன். சன்னங்கள், ரவையின் நுனியிலிருக்கும் அந்தக் குண்டுகள், துப்பாக்கியிலிருந்து வெளியே வந்தபின் என்ன செய்தன என்பதை வருடக்கணக்காக எழுதியிருக்கிறேன். யார் சுட்டார்கள் என்பதை மட்டும் எழுதாமல் வாக்கியத்தை முடிக்கும் பயிற்சி எங்களுக்கு இருந்தது. தெருவில் கிடந்த வெற்று ரவைக் கோது ஒன்று காற்சட்டைப் பையில் இருந்தால், சோதனைச்சாவடியில் அதற்கு விளக்கம் சொல்லி வீடு திரும்ப முடியாது. இங்கே அதே கோதுகளை என் மனைவி உலர்ந்த துணியால் துடைத்து அடுக்குகிறாள். சிஞ்ஞோர் நன்றி சொல்கிறார்.

சனிக்கிழமைகளில் சாமான் தூக்கிக் கொடுக்க நானும் போவேன். ஒருமுறை வேலையைக் காட்டினார். மருந்து நிரப்பிய கோதின் வாயில் சன்னத்தை வைத்து, அழுத்தும் கருவியின் நெம்புகோலை இழுத்தால், மேலேயுள்ள அச்சுக்குள் இருக்கும் சிறு தண்டு அதைக் குறித்த ஆழம்வரை அழுத்தி உட்காரவைக்கும். உங்கள் நாட்டில் யுத்தம் நடந்ததே, இதெல்லாம் வீட்டுக்கு வீடு செய்திருப்பீர்கள் என்றார். நாங்கள் வீட்டில் செய்யவில்லை, அது வீட்டுக்கு வந்தது என்றேன். தபாலில் வந்ததா என்று கேட்டார். அவர் பகிடி விடவில்லை.

மார்கழியில் சன்னங்கள் சரியாக உட்கார மறுத்தன. ஒன்று அளவாக நின்றது, அடுத்தது ஆழமாய்ப் புதைந்தது, இன்னொன்று தண்டோடு ஒட்டிக்கொண்டு நெம்புகோலை உயர்த்தும்போது கொஞ்சம் மேலே வந்தது. ஆழம் கூடினால் உள்ளே அழுத்தம் ஏறும், துப்பாக்கி சுடுகிறவனின் முகத்துக்கே ஆபத்து. அவர் கோதுகளின் நீளத்தை அளந்தார். வாய்விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவினார். அச்சின் பூட்டுத்திருகை இறுக்கினார். எதுவும் மாறவில்லை. கடைசியில் இரண்டு கைகளையும் மேசையில் விரித்து வைத்துப் பார்த்தார். அதுவரை அவர் சந்தேகப்படாதது அவற்றை மட்டும்தான்.

நத்தார் பண்டிகைக்கு மிலானோவிலிருந்து வந்திருந்த மகள் அந்தப் பார்வையைக் கண்டுவிட்டாள். அப்பாவின் கை போய்விட்டது, தை ஆறாந்தேதி மூன்றிராசாக்கள் திருநாள் முடிய அவரை என்னோடு கூட்டிப்போய் வீட்டை விற்கப்போகிறேன் என்று என் மனைவியிடம் மிக மரியாதையாகச் சொன்னாள். அந்த மரியாதையின் பொருள் எங்களுக்குத் தெரியும். வீடு போனால் வேலை ஒப்பந்தம் போகும். ஒப்பந்தம் இல்லாமல் ஸ்ரெல்லாவின் பெர்மெஸ்ஸோவை, இங்கே வசிக்கும் அனுமதியை, புதுப்பிக்க முடியாது. அதைக் கொடுக்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் அவளுக்குத் தவணை தை மாதத்தில் இருந்தது.

அன்று அவள் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"இஞ்சை பாருங்கோ, நான்தான் அதுக்குள்ள எண்ணெய் விட்டனான்."

"எதுக்குள்ள?"

"அந்த அச்சுக்குள்ள. ஆவணியில கறள் பிடிச்ச மாதிரிக் கிடந்தது. தேங்காயெண்ணெய் ரெண்டு துளி விட்டன்."

பல்லரோ சந்தையில் எங்கள் ஆட்களின் கடையில் வாங்கிய எண்ணெய். தையல் மெசின், கதவுப் பிணைச்சல், கத்தரிக்கோல், தலைமயிர் எல்லாவற்றுக்கும் நாங்கள் அதைத்தான் விடுவோம். ஆவணி வெயிலில் அது தண்ணீராய் ஓடியது. நெம்புகோல் வழுக்கிக்கொண்டு போகிறது என்று சிஞ்ஞோரும் அப்போது மகிழ்ந்தாராம். ஆனால் பலெர்மோ வீடுகளுக்கு மார்கழிக் குளிர் வருவது தளஓடுகள் வழியாக. அந்த அறையில் ஹீற்றரும் இல்லை.

தொழில் பழக்கத்தில் நான் சாதகபாதகங்களைப் பார்த்தேன். "சொன்னா உன்னை நிப்பாட்டுவினம். சொல்லாட்டி அவரைக் கூட்டிக்கொண்டு போயிடுவினம். ரெண்டிலையும் வேலை இல்லை. பேசாமல் இரு."

"நீங்கள் பேப்பருக்கு எழுதுற மாதிரியே கதைக்கிறியள். ஆர் செய்ததெண்டு மட்டும் வராது," என்றாள். "அந்த மனுசன் தன்ர கையைப் பிழையெண்டு நினைச்சுக்கொண்டு இருக்குது."

தலைக்கு வைப்பதற்காகக் கைப்பையில் வைத்திருந்த போத்தலை எடுத்துப்போய் அவர் முன்னால் வைத்தாள். எண்ணெய் மெழுகுபோல் வெள்ளையாக உறைந்திருந்தது. போத்தலைக் கவிழ்த்துக் காட்டினாள், ஒன்றும் விழவில்லை. சிஞ்ஞோர் அச்சைக் கழற்றித் தண்டை வெளியே எடுத்தார். சன்னத்தின் முனை பொருந்தும் குழிக்குள் அதே வெள்ளை அடைந்திருந்தது. பல்குத்தும் குச்சியால் தோண்டி மணந்து பார்த்தார். "கோக்கோ," என்றார். தேங்காய்.

அவர் கோபப்படவில்லை. அதற்கு நேரமும் இருக்கவில்லை. குழியைக் கரைப்பானால் கழுவித் துடைத்து ஒரு ரவையைச் செய்தார், அளந்தார். இன்னொன்று செய்தார், அளந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு அளவுகோலை அவள் கையில் கொடுத்தார். அவள் ஒவ்வொன்றாக அளந்தாள். எல்லாம் ஒரே அளவு. அன்று பின்னேரம் திருநாள் என்ற பேச்சு ஈஸ்டர் காலப் பாஸ்காவாக மாறியது. பாஸ்காவுக்குப் பார்ப்போம் என்று சொல்லி மகள் தனியாகவே மிலானோவுக்குப் போனாள். ஒப்பந்தம் அதுவரை நீண்டது. அந்த அச்சை இனி யாரும் தொடக்கூடாது என்பது மட்டும் புது விதி.

பிழையான ரவைகளையெல்லாம் பிரித்துப்போட்ட பின், மருந்தில்லாமல் ஒன்றை அழகாகச் செய்து ஸ்ரெல்லாவிடம் நீட்டினார், ஞாபகத்துக்காம். இதை நாங்கள் வீட்டில் வைப்பதில்லை என்றாள். அவர் அதைக் காதருகே குலுக்கிக் காட்டி, உள்ளே ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம் என்றார். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். அவர் மறுபடியும் குலுக்கினார்.

குவெஸ்தூராவுக்குப் போகும் காலையில், ஒரேத்தோ தெருவிலுள்ள எங்கள் வீட்டில் அவள் சீப்பால் தலை இழுத்துக்கொண்டு நின்றாள். எண்ணெய்ப் போத்தல் ஹீற்றரின் மேல் இருந்தது. சூடு பட்ட பக்கம் தெளிந்து அசைந்தது. யன்னல் பக்கம் வெள்ளையாக, சுவர்போல் நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் வைத்தால் முழுதும் உருகும் என்றேன்.

"பஸ் வந்திடும்," என்றாள். "உருகினது போதும்."