மொட்டைமாடி ரிப்போர்ட்

இடி கேட்பதற்குச் சற்று முன்னால் சமையலறை டிரான்சிஸ்டர் ஒருமுறை கரகரக்கும். மின்னல் முதலில் வானொலியைத்தான் தொடுகிறது. ஐம்பதைத் தாண்டிய நான் அந்தக் கரகரப்பில், உட்கார்ந்த இடத்திலிருந்தே மீனம்பாக்கம் போய்விடுகிறேன். தலையில் ஹெட்போன், கையில் பென்சில், எதிரே பச்சைத் திரை, வெளியே ஐப்பசி மழை.

தொண்ணூறுகளின் தொடக்கம். விமானங்களுக்கு வழி சொல்லி இறக்கிவிடும் கட்டுப்பாட்டு அறையில் வேலை. கல்யாணமாகி ஆறு மாதம். மனைவி பம்பாயில், வங்கியில். மாற்றல் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தாள். தீபாவளிக்கு அவளுக்குக் கிடைத்தது இரண்டே நாள் லீவு. ரயிலேறினால் போகவரவே தீர்ந்துவிடும் என்று முந்தின நாள் சாயங்கால விமானத்தில் கிளம்பியிருந்தாள். நான் மயிலாப்பூர் குளத்தோரம் கனகாம்பரம் வாங்கி, வாழையிலையில் சுற்றி, மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். மல்லிகை அவளுக்குத் தலைவலி.

எங்கள் ரேடார் விமானத்தைக் காட்டும். மழையை அவ்வளவாகக் காட்டாது. வானிலைக் குறிப்பு வரும், ஓடுபாதையின் மேல் இப்போது என்ன என்று சொல்லும். கடலிலிருந்து அடுத்து என்ன வருகிறது என்பதற்கு எனக்கொரு குறுக்குவழி இருந்தது. பெசன்ட் நகரில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், ரிட்டயரான டீச்சர். போன் அடித்தால் மாடிக் கதவைத் திறந்து மீனவர்கள் இருக்கும் ஊரூர் குப்பத்துப் பக்கம் கடலைப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத அந்தத் தகவலுக்கு ஆபீஸில் வைத்த பெயர், மொட்டைமாடி ரிப்போர்ட்.

அவள் விமானம் வந்தபோது ஓடுபாதை தெரியவில்லை. மின்னலுக்கு மின்னல் ஹெட்போன் கரகரத்தது. கேப்டனை நான் பார்த்ததில்லை. குரல் இரண்டு வருஷப் பழக்கம். இருபது நிமிடம் சுற்றலாம், அதற்குமேல் எரிபொருள் இடம் கொடுக்காது, பெங்களூர் போய் இறங்க வேண்டியதுதான் என்றார். விமானத்துக்கு ஒன்றாக வைத்திருக்கும் விரல் அகலக் காகிதச் சீட்டில் அவர் பறக்கும் உயரத்தைக் குறித்தேன். அந்தச் சீட்டுக்குள்தான் அவளும் இருந்தாள்.

மழை எப்போது விடும் என்று கேட்டார். பேசும் பொத்தானை அழுத்தினேன். "சீக்கிரம் விட்டுடும்" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. பொத்தானை விட்டேன். ஹெட்போனைக் கழற்றிப் பக்கத்து நாற்காலி சீனியரிடம் நீட்டினேன். முடியாதவன் கழற்றிக் கொடுத்துவிடலாம், யாரும் காரணம் கேட்கக்கூடாது என்பது அங்கே வழக்கம். அவர் கேட்டார்.

"என்னடா, ஜுரமா?"

"அவ அதுலதான் சார் வரா."

பாதி திறந்திருந்த இழுப்பறையை ஒருதரம் பார்த்தார். "ஆத்துக்காரி வராங்கறதுக்காக மேகம் ஒதுங்கிண்டு வழி விடுமா? நகரு." உட்கார்ந்தபிறகு குரலைத் தணித்து, "போ, உன் டீச்சரைக் கேளு" என்றார்.

டீச்சர் மூச்சு வாங்க வந்து ரிசீவரை எடுத்தார். "குப்பத்துப் பக்கம் நல்லா வெளுத்துடுச்சு தம்பி. மின்னலும் நின்னுபோச்சு."

"தேங்க்ஸ்மா, வச்சிடறேன்..."

"இருப்பா, நான் முடிக்கல. பாதி கேள்வியப் படிச்சுட்டே பதில் எழுதற பசங்க மாதிரியே இருக்கியே! படகையெல்லாம் ரோட்டு வரைக்கும் இழுத்துகினு இருக்கானுங்க. விடற மழைன்னா எதுக்கு இழுக்கணும்? அந்தாண்ட கடல்ல இன்னொண்ணு கருப்பா நிக்குது. பொண்ணு எத்தினி மணிக்கு வரா? முறுக்கு சுட்டு வச்சிருக்கேன்."

போனிலிருந்து மேஜைக்கு எட்டு அடி இருக்கும். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்திருக்கலாம். அது எவ்வளவு இனிப்பாக இருந்தது! வெளுத்துடுச்சு, வெளுத்துடுச்சு என்று உள்ளே ஒன்று குதித்துக்கொண்டே வந்தது. ஆனால் அந்தச் சீட்டுக்குள் அவளோடு நூறு பேருக்குமேல் இருந்தார்கள்; எல்லார் வீட்டிலும் நாளைக்குத்தான் தீபாவளி. படகையும் சொன்னேன்.

சீனியர் வானிலைக்காரர்களுக்குப் போன் போட்டார். அவர்களும் இன்னொரு மழை உள்ளே வருகிறது என்றார்கள். அதைக் கேப்டனிடம் சொன்னார். அவர் யோசிக்கவே இல்லை. பெங்களூர்.

விமானம் மேற்கே திரும்பியது. திரையில் அந்தப் புள்ளி நகர நகர, டீச்சர் சொன்ன இரண்டாவது மழை வந்து ஜன்னல் கண்ணாடியில் அறைந்தது.

எங்கள் எல்லையைத் தாண்டும் இடத்தில் சீனியர், இங்கிலீஷ் மட்டுமே பேச வேண்டிய அலைவரிசையில், தமிழில் சொன்னார்: "கேப்டன், இவன் ஆம்படையா உங்களோடதான் வரா. பூ வாங்கி வச்சிண்டு உக்காந்திருக்கான்."

பிறகு ஹெட்போனை என் தலையிலேயே மாட்டிவிட்டார். கேப்டன் அடுத்துப் பேச வேண்டிய பெங்களூர் அலைவரிசையின் எண்ணைச் சொன்னேன். வழக்கப்படி குட் நைட் சொன்னேன். யாருக்குச் சொன்னேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹெட்போன் ஒருமுறை கரகரத்து, கேப்டன் குரல் தமிழில் வந்தது.

"பூவுல கொஞ்சம் தண்ணி தெளிச்சு வைங்க தம்பி. காலையில மழை விட்டதும் கூட்டிட்டு வந்துடறேன். குட் நைட்."