வளர்ற புள்ளைக்குத் தைத்த காற்சட்டை

போன வாரம் என் சின்ன மகளோடு சேலத்தில் ஒரு பெரிய துணிக்கடைக்குப் போயிருந்தேன். உடற்பயிற்சிக்குப் போட லெக்கிங்ஸ் வேண்டும் என்றாள். விற்கிற பெண் இவளை உச்சியிலிருந்து பாதம் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்க ஹைட்டுக்குக் குழந்தைங்க பக்கம் பாருங்க மேடம்" என்றாள். சின்னவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குத்தான் அருவருத்துப் போனது. ஆடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பானே, அந்தப் பார்வை அது. முன்பும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதனால் பிள்ளைகளே, உங்கள் இருவருக்கும் இதை எழுதி வைக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். எடப்பாடிக்குப் பக்கத்தில் நம் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் அத்தை, அதாவது என் தங்கை, சேலத்தில் விளையாட்டு டீச்சர் பயிற்சியில் இருந்தாள். இருபத்தொரு வயது. ஆள் நாலே முக்கால் அடி. ஓட்டத்தில் அவளைப் பிடிக்க ஆளில்லை. கடைசிச் செய்முறைத் தேர்வில் கரணம் போட வேண்டும், கட்டை தாண்ட வேண்டும். எல்லாரும் கருநீலக் காற்சட்டையில் வர வேண்டும், பாவாடை தாவணியில் வந்தால் மைதானத்துக்குள் விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் எங்கள் அப்பாவோ, "இதுல பாஸாயிட்டா வேலைக்குப் போ. இல்லீன்னா மேச்சேரிப் பக்கம் ஒரு எடம் வந்திருக்குது, முடிச்சிருவோம்" என்று சொல்லியிருந்தார். ஆக, அவள் வாழ்க்கை அந்த ஒரு காற்சட்டையில் வந்து நின்றது.

முதலில் சேலம் கடைவீதிக்குப் போனோம். விளையாட்டுச் சாமான் கடை. வாய் நிறைய வெற்றிலையோடு கடைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"பாப்பாவுக்குங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"எனக்குத்தாங்க," என்றாள் அவள்.

அவர் அவளிடம் பேசவே இல்லை. ஆண்கள் போடுகிற ஒன்றை எடுத்து, அவள் இடுப்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கால் இரண்டும் தரையில் புரண்டன. வேலை செய்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "இதுக்குள்ள ரெண்டு பேரு குடியிருக்கலாமாட்ட இருக்குது!" எல்லாரும் சிரித்தார்கள். பிறகு பக்கவாட்டில் சிவப்புக் கோடு போட்டது ஒன்றை எடுத்து, "குட்டையா இருக்கறவங்களுக்குக் கோடுதானுங்க நல்லது. ஒசரமாக் காட்டும்" என்றார். அது இன்னும் நீளம். நாலு மடிப்பு மடித்தால்தான் பாதம் தெரியும். மடித்த இடத்தில் கோடு சுருண்டு, மிதிபட்ட மண்புழு போலக் கிடந்தது. பேசும்போது அவர் கடைவாயிலிருந்து ஒரு சொட்டு எச்சில் துணிமேல் விழுந்தது. உள்ளங்கையால் துடைத்தார். துடைத்த காற்சட்டையை மடித்து மறுபடி அலமாரியில் வைத்தார்.

சீ. அதை யாரோ ஒருத்தர் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார். இன்றைக்கும் கடையில் துணியைத் தொட்டால் முகர்ந்து பார்க்கிறேனே, ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். இதனால்தான்.

அடுத்து நம்மூர் டெய்லர். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஆண் டெய்லர் பெண்களுக்கு அளவெடுக்க மாட்டார். பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட்டால் அதைப் பார்த்துத் தைப்பார். காற்சட்டைக்கு எந்தப் பழையதைக் கொடுப்பது? எங்கள் அம்மா தறிநூல் ஒரு இழையை எடுத்து அவள் இடுப்பு, தொடை, கால் நீளம் எல்லாம் சுற்றி, அளவுக்கு ஒரு முடிச்சாகப் போட்டுக் கொடுத்தார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வெளையாட்டுக்குப் போடறதுக்குங்க" என்றேன். தீபாவளி நெருக்கடி. டெய்லர் நூலை வாங்கி, பல்லில் கடித்துக்கொண்டே தலையாட்டினார். பெண்ணுக்குக் காற்சட்டை என்பது அவர் கனவிலும் வராது. முடிச்சைப் பார்த்தார், ஏழாவது படிக்கிற பையன் என்று தீர்மானித்துவிட்டார்.

வந்ததைப் பார்க்க வேண்டுமே! அட்டை போல விறைத்த டெரிலின் துணி. மெஷின் எண்ணெய் நாற்றம். முன்பக்கம் பையன்களுக்கு வைக்கிற பொத்தான் வரிசை. இடுப்பில் ஒரு கை உள்ளே போகிற இடைவெளி. கால் ஓரத்தில் நாலு விரற்கடைத் துணி உள்ளே மடித்துத் தைத்திருந்தது. வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ளலாமாம்!

போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். விருந்துக்கு வந்திருந்த எங்கள் பெரியம்மா பாக்கை வாயில் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அய்ய, இதென்ன சாக்குக்குள்ள எறக்குன கோழியாட்ட! இதையும் போட்டுக்கிட்டுப் பத்துப் பேரு முன்னால கரணம் போடப் போறியா? எவன் உன்னக் கட்டுவான்?"

சொன்னது போதாதென்று எழுந்துவந்து இடுப்புத் துணியைப் பிடித்து இழுத்துக் காட்டிச் சிரித்தார். பெற்றவளைப் போல வளர்த்த பெரியம்மாதான். அந்தக் கையைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

தங்கை உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே போனேன். கண்ணாடியில் பக்கவாட்டாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போச்சாது உடு அம்மிணி. மடிச்சுத் தெச்சுக்கலாம்," என்றேன்.

"ஏண்ணா, நான் குட்டைன்னு எனக்குத் தெரியாதா? ஆளாளுக்குச் சொல்லோணுமா? போட்டா நல்லா இருக்கோணும்னு எனக்கும் ஆசை இருக்காதா?"

அவள் அந்தக் காற்சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வா, போலாம்" என்றாள்.

டெய்லர் கடைப் பலகையில் வழக்கம்போல நாலு பேர் பீடியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"அட, உனக்கா சாமி! வளர்ற புள்ளைன்னு நெனச்சல்ல துணி உட்டுவெச்சேன்," என்றார் டெய்லர்.

"இருவத்தொண்ணு ஆச்சுங்க. இனி வளர மாட்டனுங்க."

"எருப் போட்டுப் பாரு, வளரும்," என்றது பலகையில் ஒரு வாய். மற்ற மூன்றும் பல்லைக் காட்டின. காறித் துப்பலாம் போல இருந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த டேப்பை எடுத்தாள். அழுக்கேறி, வியர்வைப் பிசுக்கோடு இருந்தது அது. தாவணி முனையால் துடைத்தாள். பலகைக்கு முதுகைக் காட்டி நின்று, தானே தன்னை அளந்து, ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொன்னாள். டெய்லர் அட்டையில் எழுதினார்.

"கீழ கொஞ்சம் லூசா உட்டா ஆளு பெருசாத் தெரியுமே கண்ணு?"

"வேண்டாங்க. லூசா உட்டா அதுக்குள்ள நான் காணாமப் போயிருவேன். கணுக்கால்ல வந்து நிக்கோணும். இடுப்பு மேல ஏறி நிக்கோணும். கோடு வேண்டாம், பாக்கெட் வேண்டாம், முன்னால பொத்தான் வேண்டாம். பனியன் துணி கொண்டாறேன், அதுல தைங்க."

"பனியன் துணி மெஷின்ல வழுக்குமே!"

"மெதுவா மிதிங்க."

திருச்செங்கோட்டுச் சந்தையில் வெள்ளைப் பனியன் துணி கிடைத்தது. சாயப்பட்டறையில் கெஞ்சி, நூலோடு நூலாகக் கருநீலச் சாயத்தில் நான்தான் முக்கி எடுத்து வந்தேன். அந்தத் தொட்டியின் அழுகல் வாடை ரெண்டு நாள் என் கையை விட்டுப் போகவில்லை. சோற்றைப் பிசையவே பிடிக்கவில்லை.

தைத்து வந்ததைப் போட்டு நின்றபோது அவள் ஒன்றும் உயரமாகிவிடவில்லை. ஆனால் கால் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரிந்தது. உட்கார்ந்தாள், குனிந்தாள், குதித்தாள். எங்கும் இழுக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். சின்னவளே, நீயும் கடையிலேயே குனிந்து குதித்துப் பார்த்து வாங்கு. விற்கிறவள் சொல்கிற உயரத்தைக் கேட்காதே.

தேர்வு முடிந்து அவள் வந்த அன்று பெரியம்மா வாசலில் இருந்தார். வியர்வையில் சாயம் இறங்கி, பாவாடைக்குக் கீழே தெரிந்த பாதம் நீலமாக இருந்தது.

"சீ! காலென்னடி இப்பிடி?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்.

"பாஸுங்க பெரியம்மா," என்று சொல்லிவிட்டு அவள் கால் கழுவப் போனாள்.