காப்பார் மதுரையில் அழகர் சீக்கிரம் வந்த வருடம்

பிரிக்பீல்ட்ஸில் நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் தோசைக் கல்லுக்கு முன்னால் ஒரு மீசைக்காரர் நிற்கிறார். கடல் தாண்டி வேலை பர்மிட்டில் வந்தவர். போன மாதம் அவரிடம் எந்த ஊர் என்று கேட்டேன்.

"மதுரைம்மா," என்றார். அதைச் சொல்லும்போது ஆள் ஒரு சாண் உயர்ந்துவிட்டார்.

"நானும் மதுரதான்."

கரண்டியைக் கீழே வைத்தார். "மதுரையில எந்தப் பக்கம்மா?"

"லோங்காங்குக்கு இந்தப் பக்கம்."

லோங்காங் என்றால் சாக்கடை என்று அவருக்குத் தெரியும், வந்து இரண்டு வருடம் ஆகிறதே. மதுரையில் ஏது லோங்காங் என்று யோசித்துக்கொண்டு நின்றதில் என் தோசை கருகியது. அந்தப் பாவம் எனக்குத்தான்.

எங்கள் மதுரை காப்பாரில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் இருந்தது. தோட்டத்து ஆபீஸில் அந்த வீட்டு வரிசைக்குப் பெயர் மூன்றாம் நம்பர் லயம். அங்கே முதலில் குடியேறியவர்கள் எல்லோரும் மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கப்பலேறியவர்கள். அவர்களில் நிஜ மதுரைக்குள் போய் மீனாட்சியைப் பார்த்தவர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம். ஊரைக் கப்பலில் ஏற்ற முடியாது, பெயரை ஏற்றலாம், பெயருக்கு எடை இல்லை. தகரக் கூரை போட்டு மீனாட்சிக்கு ஒரு கோயில் கட்டினார்கள். லயத்துக்கு முன்னால் ஓடிய லோங்காங்குக்கு வைகை என்று பெயர் வைத்தார்கள். நிஜ வைகை பாதி நாள் வற்றிக் கிடக்கும் என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஒரே பெருமை. எங்கள் வைகை ஒரு நாளும் வற்றியதில்லை.

லோங்காங்குக்கு அந்தப் பக்கம் மேட்டுத் தோட்டம். அங்கே ஒரு பெருமாள் கோயில் இருந்ததால் அது அழகர்மலை ஆகிவிட்டது. மலை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாடு மூச்சு வாங்காமல் ஏறிவிடும்.

சித்திரைத் திருவிழாவின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தங்கை மீனாட்சிக்குக் கல்யாணம். அண்ணன் அழகர் சீரோடு கிளம்பி வருகிறார், ஆற்றங்கரைக்கு வருவதற்குள் தாலி கட்டி முடித்துவிடுகிறார்கள். கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமலே திரும்பிவிடுகிறார். எங்கள் ஊரிலும் அப்படியேதான். ஒன்பது மணிக்குக் கல்யாணம். பத்து மணிக்குப் பெருமாள் மேட்டுத் தோட்டத்து லோரியில் லோங்காங் கரைக்கு வருவார். பூசாரி இந்தப் பக்கம் நின்று, "கல்யாணம் முடிஞ்சிருச்சு சாமி," என்று கத்துவார். சீர்த்தட்டு பலகைப் பாலத்தைத் தாண்டி வரும். சாமி வராது. லோரி திரும்பும்.

அந்த லோரியை ஓட்டியவர் என் தாய்மாமன்.

அவருக்கும் சாமிக்கும் ஒரே கோபம் என்று லயத்தில் சிரிப்பார்கள். என் அம்மாவின் கல்யாணத்தன்று தோட்டத்துத் துரை அரை நாள்தான் லீவு கொடுத்தாராம். அப்பா வீட்டார் அவசரப்பட்டுத் தாலியைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். மாமா சீர்த்தட்டோடு வந்தபோது எல்லோரும் சாப்பிட்டு இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தட்டைப் பாலத்தின் மேல் வைத்துவிட்டுப் போனவர்தான். அதற்குப் பிறகு பாலத்தைத் தாண்டியதில்லை.

எங்கள் தமிழ்ப் பள்ளி மேட்டுத் தோட்டத்தில் இருந்தது. லோரிக் கொட்டகையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். என்னைப் பார்த்தால் மாமா லோரிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "வீடு ஒழுகுதா?" என்று கேட்பார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். வீட்டுக்கு வந்தால் அம்மா, "லோரி ஓடுதா?" என்பாள். கூரையையும் லோரியையும் பற்றி இத்தனை அக்கறை உள்ள அண்ணன் தங்கையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அவர்கள் கோபத்தில் எனக்கு நஷ்டம் காதில். எனக்கு எட்டு வயது, இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஒவ்வொரு திருவிழாவுக்கும் கிள்ளானிலிருந்து பத்தர் வந்து கோயில் ஓரத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் காது குத்துவார். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைகூடத் தோடு போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. பள்ளியில் எனக்குப் பெயர் மூளிக்காது. வேறு முறை மாமன் மடியில் குத்தலாமே என்று அப்பா ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"எனக்குக் கூடப் பொறந்தது ஒருத்தன்தான்," என்றாள் அம்மா. "அவன் மடி கெடைக்கிறப்ப குத்திக்கலாம்."

அந்த வருடம் கோயில் தலைவர் என்னைக் கூப்பிட்டு, பள்ளிக்குப் போகிற வழியில் மாமாவிடம் சேதி சொல்லச் சொன்னார். சாமியைப் பத்து மணிக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். வழி நெடுக யோசித்தேன். சாமி தாமதமாக வருவதால்தானே கோபம்? சீக்கிரம் வந்துவிட்டால் யாரிடம் கோபித்துக்கொள்வது?

"எட்டு மணிக்குக் கொண்டார சொன்னாங்க மாமா."

மாமா லோரிக்கு அடியிலிருந்து முழுதாக வெளியே வந்தார். "எட்டா?"

"எட்டுதான்."

"தலைவரா சொன்னாரு?"

"சாமி மேல சத்தியமா," என்றேன். எந்தச் சாமி என்று சொல்லவில்லை.

என் முகத்தையும் காதையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, போ. மணியடிக்கப் போவுது," என்றார்.

திருவிழாவன்று எட்டு மணிக்கு எங்கள் மதுரையில் ஒரு வேலையும் முடிந்திருக்கவில்லை. பெண்கள் மாவாட்டிக்கொண்டிருந்தார்கள். பூசாரி வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். லோங்காங் கரையில் ஹார்ன் சத்தம் கேட்டது. மாலையும் மரியாதையுமாகப் பெருமாள் லோரியில் நின்றுகொண்டிருந்தார்.

பூசாரிக்குக் கை கால் ஓடவில்லை. "இப்ப என்னா சொல்றது? கல்யாணம் முடிஞ்சிருச்சுன்னு சாமிகிட்ட பொய் சொல்ல முடியாது. பொண்ணு இன்னும் குளிக்கவே இல்ல."

"உள்ள வாங்கன்னு சொல்லு லா," என்றார் ஒரு கிழவர்.

"அனுப்பிவிட்டுத்தான் எனக்குப் பழக்கம். கூப்பிட்டுப் பழக்கமில்ல."

தலைவர் வேட்டியைக் கட்டிக்கொண்டே ஓடி வந்தார். "டிரைவர், யாரு உன்னை எட்டு மணிக்கு வரச் சொன்னது?"

எல்லோரும் லோரியைப் பார்த்தார்கள். நான் ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். மாமா வண்டிக்குள் இருந்தபடியே, "யாரும் சொல்லல. நானா வந்துட்டேன்," என்றார்.

"அப்ப திரும்பிப் போ. ரப்பர்பால் கொட்டாய் பக்கம் ரெண்டு மணி நேரம் நிறுத்திட்டு அப்புறமா வா. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

மாமா எஞ்சினைக் கிளப்பினார். லோரி பின்னால் நகர ஆரம்பித்தது. என் இரண்டு காதும் அதனோடு போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அம்மா எழுந்தாள். கையெல்லாம் மாவு. யாரையும் கேட்கவில்லை, பாலத்தின் நடுவில் போய் நின்றாள்.

"அண்ணே, சாமி வெயில்ல நிக்குது. எறக்கு."

எட்டு மணிக்கு என்ன வெயில்? ரப்பர் மரத்து நிழல்தான் லோரி மேல் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் யாரும் அதைச் சொல்லவில்லை. எஞ்சின் நின்றது. மாமா இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து பெருமாளைத் தோளில் தூக்கினார். பலகைப் பாலம் ஒரு ஆட்டம் ஆடியது. அம்மா சாமியைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து வழிவிட்டாள்.

அந்த ஒரு வருடம் எங்கள் மதுரையில் அண்ணன் கிட்டே நின்று தங்கையைத் தாரை வார்த்துக் கொடுத்தார். மறு வருடம் தலைவர் முறையைச் சரிசெய்துவிட்டார். அழகர் பத்து மணிக்கே வந்து பழையபடி கோபித்துக்கொண்டார். லோரியை வேறு ஆள் ஓட்டினார். மாமா இந்தப் பக்கம் பூசாரிக்குப் பக்கத்தில் நின்று, "கல்யாணம் முடிஞ்சிருச்சு சாமி," என்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார்.

என் காது அன்றைக்கே குத்தப்பட்டது. மாமாவின் மடியில் கிரீஸ் வாசம். பத்தர் கம்பியை எடுக்கும்போது, தோட்டுக்கு எங்கே போவது என்று அம்மா முழித்தாள். மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பத்தரிடம் கொடுத்தார். கிள்ளான் நகைக்கடையில் மடித்துத் தரும் ரோஸ் காகிதம். உள்ளே கடுகளவு சிவப்புக் கல் வைத்த தோடு, ஒரு ஜோடி. அம்மா அதைப் பார்த்துவிட்டு மாவு ஆட்ட வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள். மாவு ஏற்கெனவே ஆட்டி முடிந்திருந்தது.

நான் ஊரே கேட்கும்படி அழுதேன். அழுகைக்கு நடுவிலும் மனதுக்குள் ஒரே கொண்டாட்டம். இத்தனை பெரிய டிரைவரை ஒரு பொய்யால் பாலம் தாண்ட வைத்துவிட்டேனே.

அந்த ரோஸ் காகிதத்தை நான் விளையாட எடுத்துக்கொண்டேன். நிறம் வெளுத்து, துணி மாதிரித் தொய்ந்திருந்தது. விரித்ததும் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து நாலு துண்டாகக் கையில் வந்தது. புதுத் தோட்டை இவ்வளவு பழைய காகிதத்திலா மடித்துக் கொடுப்பான் என்று எனக்கு அந்தக் கடைக்காரன் மேல்தான் கோபம் வந்தது.